கழிவுப் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன்: அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களையும், கல்லூரிகளில் இருக்கும் விலங்கியல், தாவரவியல் அருங்காட்சியகங்களையும் பொறுப்பில் வைத்திருக்கும் ஆணையர்கள், இயக்குநர்கள், காப்பாட்சியர்கள், கல்லூரி முதல்வர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. பறவைக் கூடத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள். அதற்கு முன் ‘பயனற்றவை’ என்று கழித்துவிட வேண்டிய பொருட்களின் பட்டியல் அது. மொத்தம் 43 உருப்படிகள். வரிசை எண் 17: ‘பெரிய பறவை, இறகு உதிர்ந்தது, கால் உடைந்தது – 1’. வரிசை எண் 22: ‘மீன் ஜாடி, திரவம் வற்றியது – 11’. வரிசை எண் 30: ‘எலும்புகள், இதர – ஒரு பெட்டி’. கீழே மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான்காவது கையெழுத்துக்கு என் பதவியின் பெயரை அச்சடித்து இடம் விட்டிருந்தார்கள். பொருட்களைப் பார்த்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை. மாலைக்குள் கோப்பு திரும்பிவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. அதனால் கூடத்தின் வேலை மூன்று வாரம் தள்ளிப்போனது. சிலருக்கு என்மேல் வருத்தம். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒப்பந்தக்காரருக்குக் கெடு இருக்கிறது, நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும். ஆனால் ஏன் போடவில்லை என்பதை அந்தக் கோப்பின் ஓரத்தில் இரண்டு வரியில் எழுத என்னால் முடியவில்லை. அதனால்தான் இந்த மடல். என் அருங்காட்சியகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே பட்டியல், இதே சொற்களோடு, பல ஊர்களில் பல மேசைகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கன்சர்வேட்டர் என்றால் வனத்துறையா என்று கேட்கிறார்கள், அங்கே அந்தப் பெயரில் பதவி இருப்பதால். பாதுகாப்புப் பிரிவு என்றால் வாசலில் நிற்கும் காவலர்களை நினைத்துக்கொள்கிறார்கள். அரசுத் தாளில் நான் பாதுகாப்பு வேதியியலாளர். பாடம் செய்த விலங்குகள் (தோலைப் பதப்படுத்தி, உள்ளே அடைத்துத் தைத்து நிறுத்தியவை), பறவைத் தோல்கள், ஜாடியில் ஊறும் மீனும் தவளையும், எலும்புக்கூடுகள், சங்கு சிப்பிகள், பூச்சிப் பெட்டிகள் ஆகியவை கெடாமல் பார்த்துக்கொள்வதும், கெட்டுப்போனவை மேலும் கெடாமல் நிறுத்துவதும் என் வேலை.

காலையில் வந்ததும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டிகளின் அடித்தட்டைப் பார்ப்பேன். பறவையின் காலடியில் ரவை போல மெல்லிய பழுப்புத் தூள் விழுந்திருந்தால் மனசு பதறும். பக்கத்திலேயே முடி முளைத்த குட்டிக் கூடுகள் கிடக்கும். தோல் வண்டின் புழு உரித்துப்போட்ட சட்டை அது. முழு வண்டு 3 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அது பூவின் மகரந்தத்தைத் தின்று பிழைக்கும், இறகைத் தொடாது. அதன் புழுதான் இறகு, உரோமம், தோல், காய்ந்த தசை எல்லாவற்றையும் தின்னும். வளர்ந்த வண்டு வெளிச்சத்தைத் தேடிப் போய் ஜன்னல் திண்டில் செத்துக் கிடக்கும். அங்கே ஒரு வண்டு கிடந்தால் உள்ளே ஏதோ ஒரு பொருளை அதன் புழுக்கள் தின்றுகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். எங்கள் கூடத்தைப் பெருக்கும் அம்மாவிடம் இதைச் சொல்லிக் கொடுத்த நாளிலிருந்து, அவர் ஜன்னலோரத்துப் பூச்சிகளைக் கூட்டித் தள்ளாமல் ஒரு தீப்பெட்டியில் போட்டு, மேலே எந்த ஜன்னல் என்று கரியால் குறித்துத் தருகிறார். என் பூச்சிக் கணக்கேட்டில் பாதி அவர் சேர்த்தது. அவர் ஒப்பந்தத் தொழிலாளி; அடுத்த ஆண்டு இங்கே இருப்பாரா என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

பூச்சி விழுந்த பொருளுக்கு மருந்து அடிப்பதைவிட நல்ல வழி, அதைக் குளிரில் வைப்பது. பாலித்தீன் உறையில் போட்டு, காற்றை வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள். அவ்வளவு குளிர் கொடுக்கும் பெட்டி இல்லாமல் மைனஸ் 18 தான் கிடைக்கும் என்றால் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே கிடந்து அறையின் வெப்பத்துக்கு வர வேண்டும். அவசரப்பட்டால் நம் ஊர்க் காற்றின் ஈரமெல்லாம் இறகின்மேல் வியர்த்து நிற்கும். இவ்வளவுதான் வைத்தியம். ஐஸ்கிரீம் கடையில் வைத்திருக்கும் வகைப் பெட்டி ஒன்று போதும். அந்தப் பெட்டிக்கு நான் நான்கு ஆண்டு எழுதிக் கேட்டேன். அந்த நான்கு ஆண்டுகளில் இரண்டு அலமாரிப் பறவைகள் தூளாகிவிட்டன. அவை போன பிறகு அலமாரிகளைத் துடைத்து வேறு பிரிவுக்குக் கொடுத்தார்கள்.

பொருட்களைக் காக்கும் இந்தத் தொழில் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1851ல் எட்வர்ட் பால்ஃபர் பொறுப்பில் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்தில் முதலில் வந்து சேர்ந்தவை கற்களும் கனிமங்களும். கூட்டத்தை இழுத்தவை அவர் அங்கே வைத்திருந்த உயிருள்ள விலங்குகள். அதாவது நம் மாநிலத்தின் மூத்த அருங்காட்சியகம் தொடங்கியதே இயற்கை வரலாற்றில்தான். அதே இடத்தில் 1930களில் எஸ். பரமசிவன், வெண்கலச் சிலைகளில் ஏறிய களிம்பை மின்பகுப்பு முறையில் நீக்கிக் காட்டினார். அந்தப் பாரம்பரியத்தில் பாடம் படித்தவள் நான். இன்றைக்கு ஒரு சோழர் காலச் சிலையில் பச்சைப் புள்ளி ஒன்று தெரிந்தால் உடனே நிபுணரைக் கூப்பிடுகிறோம், படம் எடுக்கிறோம், கூடி ஆலோசிக்கிறோம். நடராஜருக்குப் பெயிண்ட் அடிக்கலாமா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் பாடம் செய்த காட்டெருமைக்கு அடிப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முக்கியப் பிரமுகரின் வருகைக்காக, நிறம் வெளுத்த காட்டெருமை ஒன்றுக்குக் கதவுக்கு அடிக்கிற கறுப்பு எனாமலை அடித்திருந்தார்கள். மூக்குக்கு வார்னிஷ், வாய்க்குள் சிவப்பு. அது 80 ஆண்டுக்கு மேல் பழைய உடம்பு. முடியெல்லாம் கட்டி கட்டியாக ஒட்டி, எனாமல் காய்ந்து இறுகியபோது தோலையும் சேர்த்து இழுத்து, விலாப்பக்கத்துத் தையல் வாய் பிளந்துவிட்டது. ஒரு பக்கத்தை மட்டும் ஓரளவுக்கு மீட்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. பஞ்சு சுற்றிய குச்சி, கரைப்பான், ஒரு நாளைக்கு உள்ளங்கை அகலம். எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு: இன்று நான் செய்வதை நாளை வருகிறவர் கழற்ற முடிய வேண்டும். உடைந்த கொம்பை ஒட்டுவதற்குக்கூட அசிட்டோனில் கரைந்துவிடும் பாரலாய்ட் பி-72 என்ற பிசினை எடுப்பது அதற்காகத்தான். எனாமலை முழுதாகக் கழற்ற முடியாது. கொம்பைக் கடையில் வாங்கிய எபாக்சியில் ஒட்டியிருந்தார்கள், அதையும் கழற்ற முடியாது.

‘தையல் தெரிகிறதே, அசிங்கமாக இருக்கிறதே, பிரித்துப் புதிதாகத் தைத்துவிடுங்களேன்’ என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் ஓர் ஆந்தையின் கதையைச் சொல்வேன்.

மத்திய இந்தியாவில் வாழும் சிறிய வன ஆந்தை அது. 1884க்குப் பிறகு அதை உயிரோடு கண்டதற்கு நம்பத்தக்க சான்று கிடைக்காமல் இருந்தது. ஒரே ஒரு தோல் மட்டும் 1914ஆம் ஆண்டுச் சீட்டோடு லண்டனில் இருந்தது. குஜராத்தில் தான் எடுத்ததாக ரிச்சர்ட் மைனர்ட்சாகன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி எழுதிவைத்த சீட்டு. அதை நம்பி அந்தப் பக்கம் தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பமேலா ராஸ்முசென் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் 1990களில் அந்தத் தோலை உட்கார்ந்து ஆராய்ந்தார். தோலைப் பாடம் செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. எங்கே கீறுவார், எதை அடைப்பார், எப்படித் தைப்பார் என்பதெல்லாம் கையெழுத்து மாதிரி. அந்த ஆந்தையின் உடம்புக்குள் மிச்சமிருந்த பழைய தயாரிப்பு, 1880களில் ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் சேகரித்த பறவைகளின் கையோடு பொருந்தியது. அருங்காட்சியகத்திலிருந்து திருடி, பிரித்து, மறுபடி அடைத்து, புதுச் சீட்டுக் கட்டிய பறவை அது. அந்தப் பொய்யை ஒதுக்கிவிட்டு, உண்மையான பழைய சீட்டுகள் சொன்ன இடங்களில் ராஸ்முசெனும் நண்பர்களும் தேடினார்கள். 1997 நவம்பரில், மகாராஷ்டிரத்தில், 113 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஆந்தை உயிரோடு மரத்தில் உட்கார்ந்திருந்தது.

யாராவது இடையில் புகுந்து ‘அசிங்கமாக இருக்கிறது’ என்று அந்தத் தோலை முழுக்கப் பிரித்துச் சுத்தமாகத் தைத்திருந்தால்? அந்தப் பஞ்சையும் நூலையும் குப்பையில் போட்டிருந்தால்?

ஜாடிகளுக்கு வருகிறேன். திரவத்தில் கிடக்கும் உயிர்களுக்குத்தான் நம் அருங்காட்சியகங்களில் மரியாதை மிகக் குறைவு. மஞ்சளாகிப்போன திரவம், வெளிறிய உடம்பு, பார்க்க நன்றாக இராது, வாசமும் அடிக்கும். பெரும்பாலும் 70 விழுக்காடு ஆல்கஹால், அல்லது ஃபார்மலின். ஆல்கஹால் தண்ணீரைவிட விரைவாக ஆவியாகும். ஆகவே பாதி வற்றிய ஜாடியில் மிச்சம் இருப்பது பலம் குறைந்த திரவம். அளந்து பார்க்காமல் மேலே ஊற்றி நிரப்பினால் கணக்குத் தப்பிவிடும். ஃபார்மலின் நாளாக ஆக அமிலமாகும். கவனிக்காவிட்டால் மீனின் எலும்பையும் நண்டின் ஓட்டையும் கரைத்துவிடும். முழுக்க வற்றிக் காய்ந்த மீனைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் ஏற்றி மீட்க வழி இருக்கிறது. பழைய வடிவம் முழுதாக வராது. ஆனால் துடுப்பு முள்ளை எண்ணலாம், பல்லைப் பார்க்கலாம், வயிற்றுக்குள் என்ன தின்றிருந்தது என்று தேடலாம். ‘திரவம் வற்றியது’ என்பது ஒரு மீனைக் கழிக்கப் போதுமான காரணம் இல்லை.

மீனைவிட முக்கியம் அதோடு கிடக்கும் சீட்டு. பென்சிலாலோ அழியாத மையாலோ எழுதி ஜாடிக்குள்ளேயே போட்டிருப்பார்கள்: இடம், நாள், ஆழம், யார் எடுத்தது. மாணவியாக இருந்தபோது ஒரு கல்லூரி அருங்காட்சியகத்தில் நான் பார்த்த காட்சி இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஆய்வுக் குழு வருகிறது என்று ஜாடிகளையெல்லாம் கொட்டிக் கழுவி, புதுத் திரவம் ஊற்றி, கணினியில் அழகாக அச்சடித்த லேபிள்களை வெளியே ஒட்டினார்கள். ‘நண்டு’. ‘நட்சத்திர மீன்’. ‘கடல் பாம்பு’. பழைய சீட்டுகள் ஒரு பிளாஸ்டிக் வாளியில் மிதந்துகொண்டிருந்தன. மதியத்துக்குள் வாளியைத் தோட்டத்தில் கவிழ்த்துவிட்டார்கள். நான் ஓடிப் போய்ப் பொறுக்கியதில் ஒன்பது சீட்டுகள் தேறின. எந்தச் சீட்டு எந்த ஜாடிக்கு உரியது என்று சொல்ல யாருமில்லை. குழு நல்ல மதிப்பெண் கொடுத்துவிட்டுப் போனது.

மன்னார் வளைகுடாவை நினைத்துப் பாருங்கள். குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி எஃப். எச். கிரேவ்லியும் மற்றவர்களும் சேகரித்து எழுதிய தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1927ல் வெளியிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கடலில் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தோம். 2010லும் 2016லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. நூறாண்டுக்கு முன் அந்தக் கரையில் என்ன இருந்தது என்று நாளை ஓர் ஆராய்ச்சி மாணவர் கேட்டால், கடலைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. ஏதோ ஒரு கல்லூரியின் படிக்கட்டுக்கு அடியில், தூசி படிந்த ஜாடியில், ஒரு பென்சில் சீட்டோடு பதில் இருக்கலாம். அதை நாம் ‘பயனற்றது’ என்று எழுதுகிறோம்.

பயன் எப்போது வரும் என்று சேகரித்தவருக்கே தெரியாது. இங்கிலாந்தில் பொழுதுபோக்குக்காகப் பறவை முட்டை சேகரித்தவர்கள் ஏராளம். அந்த முட்டை ஓடுகளை டெரெக் ராட்கிளிஃப் எடைபோட்டுப் பார்த்து 1967ல் எழுதினார்: 1947 வாக்கிலிருந்து வல்லூறு இனங்களின் ஓடு மெலிந்திருக்கிறது. டி.டி.டி. வகைப் பூச்சிக்கொல்லி பறவைகளை என்ன செய்கிறது என்பதற்குக் கிடைத்த வலுவான சான்றுகளில் அது ஒன்று. அவற்றில் பழைய முட்டைகளைச் சேகரித்தபோது டி.டி.டி. என்ற பெயரைக்கூட யாரும் கேட்டதில்லை.

இனி எழுதுவதுதான் எனக்கு மிகவும் வேதனை தருவது. ஜாடிகளைவிடவும், காட்டெருமையைவிடவும்.

18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மெட்ஸ் நகரத்து மருந்து தயாரிப்பாளர் ழான் பாப்டிஸ்ட் பெக்கூர், பறவைத் தோலைப் பூச்சியிடமிருந்து காக்க ஒரு சோப்பு கண்டுபிடித்தார். சோப்பு, கற்பூரம், சுண்ணாம்பு, கார உப்பு, இவற்றோடு நிறைய வெள்ளைப் பாஷாணம். அவர் இறந்த பிறகு செய்முறை வெளியே வந்து உலகமெல்லாம் பரவியது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரைக்கும் பல இடங்களில் தோலின் உட்புறத்தில் அதைத்தான் தடவினார்கள். உலர்ந்த செடிகளைப் பூச்சி தின்னாமல் இருக்க, சித்த மருத்துவத்தில் வீரம் என்று சொல்லும் பாதரச உப்பைப் பூசினார்கள். வெள்ளைப் பாஷாணத்தில் இருக்கும் ஆர்சனிக் ஒரு தனிமம். நூறு ஆண்டு ஆனாலும் சிதைந்து காணாமல் போகாது. தோல் வறண்டு வெடிக்கும்போது தையல் வழியே, கண் ஓரம் வழியே, தூளாக வெளியே வரும். கூடத்துத் தூசியோடு கலக்கும்.

இப்போது நம் கூடங்களில் அந்தத் தூசியை யார் தட்டுகிறார்கள் என்று பாருங்கள். நான் பார்த்த ஓர் அருங்காட்சியகத்தில் ஓர் உதவியாளர், பாடம் செய்த புலியை வெறுங்கையோடு, துணிக்கட்டு ஒன்றால் படபடவென்று அடித்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றுமில்லை. தட்டி முடித்ததும் அதே மேடை ஓரத்தில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பையைப் பிரித்தார். கையைக் கழுவிட்டு வாங்கண்ணே என்றேன். ‘பதினெட்டு வருஷமா இப்படித்தாம்மா, ஒண்ணும் ஆகல’ என்று சிரித்தார். அந்தப் பதினெட்டு வருடத்தில் ஒருவர்கூட அவரிடம் பாஷாணம் என்ற சொல்லைச் சொன்னதில்லை. மேடைக்கு முன்னால் கயிறும் கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகப் புலியின் வாலைத் தடவிக்கொண்டு போனார்கள்.

இதைச் சரிசெய்யக் கோடிகள் வேண்டாம். 1980களுக்கு முன் பாடம் செய்த எதிலும் ஆர்சனிக் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, சோதித்து இல்லை என்று தெரிந்தால் மட்டும் விலக்கு கொடுங்கள். சோதிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி, நகைக் கடையில் தங்கத்தின் தரம் பார்க்க வைத்திருக்கும் கருவியின் வகைதான். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கேட்டால் ஒரு நாள் கொண்டுவந்து தருவார்கள். நைட்ரைல் கையுறை, நல்ல முகக்கவசம், நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்த வேக்குவம், மெல்லிய தூரிகை வாங்குங்கள். துணியால் அடித்துத் தட்டுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே வேலை செய்கிறவர்களை உட்காரவைத்து, அவர்கள் தொடுவது என்ன என்று அவர்கள் மொழியில் சொல்லுங்கள். கழிவுப் பட்டியலுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது: கழித்த விலங்குகளைப் பின்வாசலில் போட்டு எரித்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பாஷாணம் பூசிய தோலை எரித்தால் அந்தப் புகையில் என்ன இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

புதுப்பித்தல் பற்றியும் ஒரு வார்த்தை. புதுக் கூடங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் ஆசையாக வந்து பார்க்க வேண்டும். ஆனால் வடிவமைப்பாளர் முதல் வரைபடம் போடும்போதே எங்களில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். இறகுக்கும் உரோமத்துக்கும் 50 லக்ஸ் வெளிச்சம் போதும். மேலேயிருந்து பளிச்சென்று விளக்குப் போட்டால் மீன்கொத்தி பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உதிர்ந்த நிறம் திரும்ப வராது. மாலை 5 மணிக்கு ஏசியை நிறுத்திவிட்டுக் காலையில் போட்டால், ஒவ்வோர் இரவும் ஈரம் ஏறி, ஒவ்வொரு பகலும் இறங்கி, தோல் நெகிழ்ந்து சுருங்கி வெடிக்கிறது. அதைவிட ஏசியே இல்லாமல் காற்றோட்டமாக விடுவது மேல். புது பிளைவுட் அலமாரியில் சங்கையும் சிப்பியையும் வைக்காதீர்கள். மரத்திலிருந்தும் பசையிலிருந்தும் வரும் அமில ஆவி சங்கின்மேல் வெள்ளையாகப் பூத்து அரித்துவிடும். 1899ல் பைன் என்பவர் இதைக் கிருமியால் வரும் நோய் என்று நினைத்து எழுதினார்; காரணம் தப்பு, ஆனால் அவர் பெயரிலேயே இன்றும் அழைக்கிறோம். அலமாரியைத் திறந்ததும் வினிகர் வாசம் அடித்தால் அன்றைக்கே சங்குகளை வெளியே எடுங்கள்.

தீயைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2016 ஏப்ரல் 26 அதிகாலையில் டெல்லியின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எரிந்தது. 1978லிருந்து வாடகைக் கட்டடத்தில் இருந்த நிறுவனம். 2010 மே மாதம் பிரேசிலின் புட்டான்டன் நிறுவனத்தில் ஆல்கஹாலில் இருந்த பல்லாயிரம் பாம்புகள் ஒரே தீயில் போயின. நம் ஜாடி அறைகளில் தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதியை இந்த வாரம் யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, நான் உங்களிடம் கேட்பது என்ன? பாதுகாப்புப் பிரிவில் இருப்பவர் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார்த்து, படம் எடுத்து, எழுத்தில் காரணம் கொடுத்த பிறகுதான் அது கழிவுப் பட்டியலில் ஏற வேண்டும் என்று ஓர் ஆணை போடுங்கள். அதுவே முதல் வேண்டுகோள். பொருள் உண்மையிலேயே மீட்க முடியாமல் போயிருந்தாலும் சீட்டும் பதிவேட்டு எண்ணும் ஒரு துண்டுத் திசுவும் தங்க வேண்டும். அப்புறம், இயற்கை வரலாற்றுப் பொருட்களுக்கென்றே ஆட்களைப் பயிற்றுவித்து நியமியுங்கள். நம் நாட்டில் இந்தப் படிப்பு சிலையையும் ஓவியத்தையும் ஓலைச்சுவடியையும் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது. தோலையும் இறகையும் நான் கற்றது பெரும்பாலும் தப்புச் செய்து. எனக்குப் பின்னால் வருகிற பெண்ணோ பையனோ அப்படிக் கற்க வேண்டியிருக்கக் கூடாது. அந்தத் தப்புகளின் விலையைப் பொருட்கள் கொடுத்தன. வேலையில் சேர ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். விலங்கியல், வேதியியல் படித்துவிட்டு, கைத்திறனும் பொறுமையும் வைத்துக்கொண்டு என்னிடம் வழி கேட்டு எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பதவிதான் இல்லை.

இந்தப் பொருட்களில் பலவற்றைத் திரும்பச் சேகரிக்கவும் முடியாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை நின்றது. நிற்க வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஏற்கெனவே உயிரைக் கொடுத்துவிட்ட விலங்கை இரண்டாம் தடவை வீணாக்காமல் வைத்திருப்பது நம் கையில் இருக்கிறது.

அந்த 43 உருப்படிகளுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். 12 பொருட்களை உண்மையிலேயே காப்பாற்ற முடியாது. அவற்றுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வரிசை எண் 22ல் இருந்த 11 ஜாடிகளில் ஒன்பதில் சீட்டு இருக்கிறது, படிக்கவும் முடிகிறது. வரிசை எண் 30, ‘எலும்புகள், இதர’. பெட்டியைத் தூக்கும்போதே கனம் வித்தியாசமாக இருந்தது. கல்லைப் போல இறுகிய, தடித்த விலா எலும்புகள். ஆவுளியாவினுடையவை, கடற்பசு என்று பாடப்புத்தகத்தில் எழுதுகிறோமே, அது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடற்பசுக் காப்பகமாக 2022ல் நம் அரசு அறிவித்தது. அதே விலங்கின் எலும்பு எங்கள் ஸ்டோர் ரூமில் ‘இதர’ என்று ஏலத்துக்குக் காத்திருந்தது.

வரிசை எண் 17 ஒரு பூநாரை. கால் உடைந்ததற்குக் காரணம் உள்ளே வைத்த கம்பி துருப்பிடித்து ஊதியது. அதைச் சரிசெய்ய முடியும். இறகு உதிர்ந்தது வண்டால். அடிப்பலகையைத் திருப்பிப் பார்த்தபோது, பலகைக்கும் சாக்குத் துணிக்கும் நடுவில் நான்காக மடித்த சீட்டு ஒன்று இருந்தது. பழவேற்காடு என்ற ஊர்ப் பெயர், 1920களின் ஓர் ஆண்டு, டிசம்பர் மாதம், இறக்கையின் நீளம், அப்புறம் பென்சிலில் ‘பெண், இளையது’ என்று யாரோ ஒருவர் எழுதிய குறிப்பு. பதிவேட்டில் இந்த எண்ணுக்கு எதிரே ஊர்ப் பெயர் காலியாக இருந்தது, இப்போது எழுதிவிட்டேன்.

பூநாரையை உறையில் போட்டு, கழுத்தை மடக்காமல் படுக்கவைத்துக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். வரும் வியாழக்கிழமை வெளியே எடுப்பேன், வெள்ளிக்கிழமை காலை உறையைப் பிரிப்பேன். உங்களில் யாருக்காவது நேரம் இருந்தால் வாருங்கள். கையுறையும் முகக்கவசமும் எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பாதுகாப்பு வேதியியலாளர்